திரும்பி வந்த நாற்பத்தெட்டு டப்பாக்கள்

மண்டி மொஹல்லா, மைசூரு
ஆகஸ்ட் 2

மதிப்புக்குரிய நர்ஸ் கோதா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் மாணிக்கவாசகம். மண்டி மொஹல்லாவில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் வந்து வீடு இழந்தவர்களை ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் உங்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேற்று டெம்போவில் அரிசி, பருப்பு, போர்வை, குழந்தைகளுக்குப் பால் பவுடர் எல்லாம் அனுப்பினேன்.

மற்றதெல்லாம் இறங்கிவிட்டது. பால் பவுடர் மட்டும், நான்கு பெட்டி, நாற்பத்தெட்டு டப்பா, போன மாதிரியே திரும்பி வந்து நிற்கிறது. சரக்கோடு அனுப்பிய சீட்டில் சிவப்புப் பேனாவால் ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை. கீழே உங்கள் கையெழுத்து.

அம்மா, எங்கள் மண்டியில் சரக்கு திரும்பி வந்தால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். புழு வைத்துவிட்டதா, பழைய சரக்கா என்று கேட்பார்கள். நானே ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. ஒரு டப்பா கூட நசுங்கவில்லை. பிறகு ஏன் வேண்டாம்? பச்சைக் குழந்தைகள் பசியோடு இருக்கும் இடத்தில் பாலை வேண்டாம் என்று சொல்பவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகம். போன் போட்டேன், கிடைக்கவில்லை. டெம்போ ஓட்டும் சந்துரு தினமும் வருகிறான், அவனிடம் பதில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்


முகாம், வகுப்பறை 4
ஆகஸ்ட் 3

திரு. மாணிக்கவாசகம் அவர்களுக்கு,

இங்கே டவர் இல்லை. இருந்தாலும் போன் எடுக்க எனக்குக் கை ஒழியாது. நான் படித்ததெல்லாம் கன்னடத்தில். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் சகித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டப்பாவில் ஒரு குறையும் இல்லை. குறை இங்கே உள்ள தண்ணீரில் இருக்கிறது. இருநூற்று அறுபது பேருக்கு ஒரே போர்வெல். அதில் வெள்ளத் தண்ணீர் கலந்து கலங்கலாக வருகிறது. இரண்டே அடுப்பு, காலையிலிருந்து சோற்றுக்கே சரியாக இருக்கிறது. பவுடரை எந்தத் தண்ணீரில் கரைப்பார்கள்? பாட்டிலை யார் வேகவைப்பார்கள்? என் பொறுப்பில் ஒரு வயதுக்குக் கீழே பதினோரு குழந்தைகள். பத்துப் பேருக்கு அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அம்மாவிடம் இருக்கிற பாலைக் காய்ச்சவும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வேளை டப்பாப் பால் குடித்த குழந்தை அந்த வேளை அம்மாவிடம் சப்பாது. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இப்படியே நாலு நாள் போனால் அம்மாவுக்குப் பால் குறைந்துவிடும். டப்பாவும் தீர்ந்துவிடும். அதற்குள் உங்கள் டெம்போவும் வருவதை நிறுத்தியிருக்கும். அப்புறம் அந்தக் குழந்தை எதைக் குடிக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இங்கே ரூபா என்று ஒரு பெண். ஹனூர் பக்கத்துக்காரி, கட்டட வேலைக்கு வந்தவள். பெண் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். தண்ணீர் ஷெட்டுக்குள் வந்தபோது குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருக்கிறாள். “எனக்குப் பாலே இல்லீங்கக்கா, பயத்துல வத்திப்போச்சு” என்று அழுகிறாள். வற்றவில்லை. அதை அவளை நம்ப வைப்பதுதான் இப்போது என் வேலை. அவள் கண்ணெதிரில் நாற்பத்தெட்டு டப்பாவை அடுக்கி வைத்தால் என்னை நம்புவாளா?

ஆனாலும் ஒற்றை வார்த்தையில் ‘வேண்டாம்’ என்று எழுதியது தப்புதான். அன்றைக்கு நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. மன்னிக்கவும்.

குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பதை அம்மாக்களுக்குக் கொடுங்கள். பூண்டு, பாசிப்பருப்பு, ராகி மாவு, வெல்லம். மறைப்புக்குத் திரைத்துணி. அறுபது பேர் நடமாடும் அறையில் எந்தப் பெண் ரவிக்கையை அவிழ்ப்பாள்?

கோதா


மண்டி மொஹல்லா
ஆகஸ்ட் 4

அன்புள்ள நர்ஸம்மா,

கேட்ட சாமான் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். திரைக்குக் கெட்டியான காடாத் துணி, இருபது மீட்டர். ஆணி, கயிறு, சுத்தியல் எல்லாம் சேர்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் சுத்தியல் தேடி அலைவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் எனக்கு ஒன்பது கேள்வி முளைக்கும், இது பிறவிக் குணம். பயந்தால் பால் வற்றும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வற்றவில்லை என்றால் அந்தப் பால் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? சோறு தண்ணி சரியாக இல்லாதவளுக்குப் பால் எப்படி ஊறும்? நிறுத்தி நாலு நாள் ஆனவளுக்குத் திரும்ப வருமா, பத்து நாள் ஆனவளுக்கு? பத்துக் குழந்தைக்கு அம்மா இருக்கிறாள் என்றீர்களே, பதினோராவது குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கும் டப்பா கிடையாதா?

என் மனைவி பாக்கியலட்சுமி நான் யாருக்கு என்ன அனுப்புகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நேற்று உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, “அந்தப் புள்ளைக்கு எத்தனை நாளுன்னு சொன்னீங்க?” என்றாள். பத்தொன்பது என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்த டப்பாக்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதற்கு அன்றைக்கே வழி செய்துவிட்டேன்.

மாணிக்கவாசகம்


முகாம்
ஆகஸ்ட் 6

திரு. மாணிக்கவாசகம் அவர்களுக்கு,

முதலில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் கேள்வி.

பயத்தில் பால் வற்றாது. இறங்காமல் நின்றுவிடும், அவ்வளவுதான். மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கும், குழாயை யாரோ இறுக்கி மூடியிருப்பார்கள், அந்த மாதிரி. தாய் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்து, குழந்தையை வெறும் மேனியோடு நெஞ்சில் போட்டுக்கொண்டு, அடிக்கடி சப்ப விட்டால் இறங்கும். அரை வயிறு சாப்பிட்டவளுக்கும் ஊறும். அவள் உடம்புதான் இளைக்கும், அதற்குத்தான் பருப்பும் ராகியும் கேட்டேன். நாலு நாள் நின்றதும் வரும், பத்து நாள் நின்றதும் வரும். பொறுமை வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் காடாத் துணியால் அறையின் ஒரு மூலையை மறைத்தோம். ஒரு மணி நேரத்தில் நாலு பெண்கள் அதற்குள் போய் உட்கார்ந்தார்கள். சுத்தியலுக்கு நன்றி.

பதினோராவது குழந்தை நல்ல கேள்வி. அவன் அம்மா கால் உடைந்து மைசூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவனுக்கு டப்பாப் பால்தான். தண்ணீரை நானே காய்ச்சி, அளந்து கரைத்து, கிண்ணத்தில் புகட்டுகிறேன். பாட்டில் கிடையாது. அதனால் ஆறு டப்பா வேண்டும். வாயால் வேண்டாம் என்றவள் வாயாலேயே கேட்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி. நேற்று மத்தியானம் நான் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில், உங்கள் வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் பின்பக்க கேட் வழியாக வந்திருக்கிறார்கள். பேனர் கட்டி, அம்மாக்களை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு நாலு டப்பாவும் ஒரு பாட்டிலும் கொடுத்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். ரூபாவுக்கும் கொடுத்தார்கள். இரண்டு நாளாகப் பாடுபட்டு அந்தக் குழந்தையை மார்பில் பிடிக்க வைத்திருந்தேன். நான் திரும்பி வந்தபோது அது பாட்டிலோடு தூங்கிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீரில் கரைத்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது. இருபத்திரண்டு நாள் குழந்தை, அய்யா.

டப்பாவின் அடியில் உங்கள் கடை முத்திரை இருக்கிறது. நீங்கள் செய்த ‘வழி’ இதுதானா?

கோதா


மண்டி மொஹல்லா
ஆகஸ்ட் 7

நர்ஸம்மா,

ஆமாம். என் டப்பாக்கள்தான்.

எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். தர்மத்துக்கு என்று எடுத்து வைத்த சரக்கு மறுபடி கடைக்குள் ஏறக்கூடாது. வாசலுக்கு வெளியே போனது போனதுதான். அதனால் திரும்பி வந்த அன்று சாயங்காலமே சங்கச் செயலாளரிடம், யாருக்காவது கொடுங்கள் என்று தள்ளிவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அப்போதாவது அவருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டேன். வேறு எங்கோ போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கௌரவத்துக்கு அந்தக் குழந்தையின் வயிறு பலியாகியிருக்கிறது.

இன்று காலை செயலாளரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். கொடுத்தவர்களே வந்து டப்பாக்களையும் பாட்டில்களையும் வாங்கி உங்களிடம் ஒப்படைப்பார்கள். பதினோராவது பிள்ளைக்குக் கடையிலிருந்து புதிதாக ஆறு டப்பா வைத்திருக்கிறேன். குழந்தை எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது முதலில் எழுதி அனுப்புங்கள்.

நான் ஏன் எங்கே முகாம் என்றாலும் பால் பவுடரையே அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காவிரிச் சண்டையில் கலவரம் வந்த வருஷம். பாக்கியத்தையும் முப்பத்து நாலு நாள் ஆண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு லாரியில் ஏறி, பாலாறு செக்போஸ்ட் தாண்டி, மேட்டூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். உங்கள் முகாம் மாதிரிதான். நாலாம் நாள் பாக்கியம் பால் வற்றிப்போச்சு என்றாள். ஒரு புண்ணியவான் டப்பாவும் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் நானே என் கையால் கரைத்தேன். குழந்தை ஆசையாகக் குடித்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டான். காய்ச்சல் என்றார்கள், வயிற்றுப்போக்கு என்றார்கள். எங்கள் விதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மனிதர் கொடுத்த டப்பாவை நான் மறக்கவில்லை. யாரும் கேட்காமல் கொடுத்தார் என்று நன்றியோடு இருந்தேன். அந்தக் கடனைத்தான் இத்தனை வருஷமாக டப்பா டப்பாவாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு குழந்தையும் எங்களுக்குப் பிறக்கவில்லை.

உங்களிடம் நிறையக் கேள்வி கேட்டேன். இது ஒன்றுக்குத்தான் பதில் வேண்டும். பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அந்த டப்பாதானா?

மாணிக்கவாசகம்


முகாம்
ஆகஸ்ட் 8

அய்யா,

குழந்தை பிழைத்துக்கொண்டது. நேற்றே ஆம்புலன்ஸில் ரூபாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். பேதி குறைந்திருக்கிறது. தாய்ப்பாலை விடாமல் கொடு என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் திரும்பி வருவார்கள். இனிதான் கஷ்டம். அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பாட்டில் பழகிய குழந்தை மார்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுகிறது. அது திருப்பத் திருப்ப ரூபா “பாத்தீங்களாக்கா, பால் இருந்தாத்தானே குடிப்பா” என்கிறாள். அவள் மறுபடி நம்பாவிட்டால், இன்னும் பத்து நாளில் இந்தக் குழந்தை மறுபடி ஆஸ்பத்திரியில் இருக்கும். அதுதான் என் பயம்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத ஒரு நாள் ஆயிற்று. நான் அங்கே இல்லை, அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. அதனால் அந்த டப்பாதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் அன்று அங்கே இருந்திருந்தால் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். கொடுத்தவர் கெட்டவர் இல்லை. கரைத்தவரும் கெட்டவர் இல்லை. சொல்லித் தர ஒருவரும் அங்கே இல்லை.

ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன். ஒரு மாதம் நன்றாகப் பால் கொடுத்தவளுக்கு நாலே நாளில் வற்றிப்போகாது. உங்கள் மனைவியிடம் பால் இருந்தது. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

கோதா


மண்டி மொஹல்லா
ஆகஸ்ட் 9

நர்ஸம்மா,

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உங்கள் கடிதத்தைக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பாக்கியம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாக் கடிதத்தையும் எனக்குத் தெரியாமல் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அவன் போனப்புறம் மூணு நாள் என் ரவிக்கை நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க” என்றாள். “நெஞ்சு கல்லாட்டம் வலிச்சுது. சேலையைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டேன். புள்ளை இருக்கறப்ப வத்திட்டு, போனப்புறம் வருதே, இது என்ன ஜென்மம்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஒருத்தருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டக் கூட.”

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அம்மா. ஊரில் உள்ளவர்களை எல்லாம் துருவித் துருவிக் கேள்வி கேட்டவன், இவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, “ரூபா என்னைக்குத் திரும்பி வர்றா?” என்றாள். நாளைக்கு என்றேன். பெட்டியைத் திறந்து இரண்டு சேலை எடுத்து வைத்துக்கொண்டாள். சாமி அலமாரியிலிருந்து பாலாடையையும் எடுத்துக்கொண்டாள். குழந்தைக்குப் புகட்டும் மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணம், அவனுக்காக வாங்கியது. நாளைக் காலை டெம்போவில் வருகிறாள். தங்கிக்கொள்கிறாளாம். விரட்டிவிடாதீர்கள்.

மாணிக்கவாசகம்


முகாம்
ஆகஸ்ட் 13

அய்யா,

விரட்டுவதாவது! உங்கள் மனைவி இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை “கை கழுவ எங்கம்மா?” அப்போதே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

திரைக்குள் ரூபா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் வழக்கம் போல, பாலே இல்லீங்கம்மா என்று ஆரம்பித்தாள். உங்கள் மனைவி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “மாருல கட்டி கட்டியா வலிக்குதா?” என்று கேட்டார்.

“வலிக்குதுங்க. விடியறப்ப தாங்க முடியலீங்க.”

“வலிச்சா உள்ள பால் இருக்குன்னு அர்த்தம்டி. எனக்கும் வலிச்சுது. இதைச் சொல்ல எனக்கு ஆளில்ல.”

இத்தனை நாளாக நான் படித்துப் படித்துச் சொன்னபோதெல்லாம் ரூபா தலையாட்டினாள். அன்றைக்குத்தான் நம்பினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

அப்புறம் நான் வழி சொன்னேன், அவர் செய்தார். ரூபாவின் பாலையே கையால் பீய்ச்சி பாலாடையில் எடுத்து, மார்பின் மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட வேண்டும். குழந்தை அந்தச் சொட்டை நக்கிக்கொண்டே வந்து காம்பைப் பிடிக்கும். முதல் நாள் வீறிட்டது. இரண்டாம் நாள் நாலு சொட்டு நக்கிவிட்டுத் தூங்கியது. உங்கள் மனைவி கை மரத்துப்போகும் வரை விடவில்லை. நேற்று மத்தியானம் பாலாடையை எடுப்பதற்குள்ளேயே குழந்தை தானாகப் பிடித்துக்கொண்டது. குடிக்கும் சத்தம் திரைக்கு வெளியே எனக்குக் கேட்டது. ஒளித்து வைத்திருந்த ஒரு பாட்டிலையும் ரூபாவே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உங்கள் மனைவி, அப்போது எழுந்து போர்வெல் பக்கம் போய் நின்று அழுதார். நான் போகவில்லை, லிங்கம்மாவையும் போகவிடவில்லை. லிங்கம்மா எங்கள் சமையல்காரி. திரும்பி வந்ததும் ராகிக் களி கேட்டு வாங்கி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அவர் எப்போது வருவார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

கோதா


மண்டி மொஹல்லா
ஆகஸ்ட் 14

அன்புள்ள நர்ஸம்மா,

எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. அவளே சந்துருவிடம் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நான்கே வரி. அப்படியே எழுதுகிறேன்:

‘ரசப்பொடி இரண்டாவது தட்டில். பாலைத் தினம் காய்ச்சி வையுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகாமில் ஒரு பெண் பால் வற்றிவிட்டது என்று அழுகிறாளாம். பாலாடையை எடுத்துக்கொண்டு போகிறேன்.’

இன்றைய டெம்போவில் உங்களுக்குப் பருப்பும் வெல்லமும் வருகின்றன. அந்தப் பக்கத்து முகாமுக்கு இன்னும் எதுவும் ஏற்றவில்லை. அங்கே என்ன வேண்டும் என்று கேட்டு எழுதும்படி பாக்கியத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அவள் சொன்ன பிறகுதான் அனுப்புவேன்.

மாணிக்கவாசகம்